பாடநூலும் பொறுப்புணர்வும்

தமிழாசிரியர் வகுப்பறைக்குள் நுழையும்போது அவர் கையில் பாடநூல் இருக்கும் என்பது நெடுநாளைய வழக்கம். அவர் பக்க எண்ணைச் சொல்லுவார், மாணவர் நூலைத் திறப்பர், பாடம் தொடங்கும். அண்மைக் காலத்தில் இதனோடு வேறொரு காட்சியும் தோன்றியுள்ளது. வெவ்வேறு பள்ளிகளைச் சேர்ந்த ஆசிரியர்கள் இணையத்தின் வழியே ஒன்றுகூடுகின்றனர். தம் மாணவர் அனைவரும் சேர்ந்து செய்யத்தக்க பணியொன்றை வகுக்கின்றனர். அப்பணிக்கென்று அச்சிட்ட நூல் எதுவும் இல்லை. மாணவர் திரட்டும் செய்தியே பாடம். அவர்கள் எழுதும் பக்கங்களே நூல்.

இம்முறை பயன் தருமா என்று கேட்போர் பலர். இது முறையாகுமா என்று கேட்போர் சிலரே. பிள்ளையின் கையிலிருந்து நூலை வாங்கி வைத்துவிட்டு, 'நாங்களே உனக்கு வழி காட்டுவோம்' என்று சொல்லும் உரிமை ஆசிரியர்க்கு எங்கிருந்து வந்தது? அவ்வழியில் பிழை நேர்ந்தால் அதற்கு விடைசொல்ல வேண்டியவர் யார்? பலர் கூடிச் செய்த செயலில் பொறுப்பும் பலராகப் பிரிந்து, இறுதியில் ஒருவர்க்கும் உரியதன்றிப் போய்விடுமோ? கற்பிக்கும் உத்தியைப் பற்றிய ஐயங்கள் அல்ல இவை. ஆசிரியரின் அறத்தைப் பற்றியவை. ஆகவே ஆற அமரச் சிந்திக்கத் தக்கவை.

நூல் ஏற்கும் சுமை

முதலில் பாடநூலுக்கு உரிய நீதியை வழங்கிவிடுதல் வேண்டும். பாடநூலைப் பழிப்பது இந்நாளில் எளிய வழக்கமாகிவிட்டது. அது மாணவரின் கற்பனையைக் கட்டிப்போடுகிறது என்பர். ஆசிரியரைச் சோம்பராக்குகிறது என்பர். இவற்றில் ஓரளவு உண்மையுண்டு. ஆயினும் பாடநூல் மூன்று சுமைகளை அமைதியாகச் சுமந்து வருகிறது என்பதை மறந்துவிடலாகாது.

மொழியின் செம்மை முதற் சுமை. அச்சேறும் முன் அந்நூலைப் பலர் படித்துத் திருத்தியிருக்கின்றனர். எளியதிலிருந்து அரியதற்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஒழுங்குமுறை இரண்டாவது. மூன்றாவது சமன்மை, இதுவே தலையாயது. சிங்கப்பூரில் தொடக்ககாலத் தமிழ்ப் பள்ளிகள் தமிழகத்திலிருந்து வந்த நூல்களையே பெரிதும் நம்பியிருந்தன. அந்நூல்களில் வந்த ஆறும் வயலும் இங்குள்ள பிள்ளைகள் கண்டறியாதவை. 1980இல் பாடத்திட்ட மேம்பாட்டுக் கழகம் நிறுவப்பட்டபின், இந்நாட்டுப் பிள்ளைகளுக்கென இந்நாட்டிலேயே நூல்கள் உருவாகும் நிலை வலுப்பெற்றது. உட்லண்ட்ஸில் பயிலும் பிள்ளைக்கும் தெம்பனிஸில் பயிலும் பிள்ளைக்கும் ஒரே பாடம் கிடைத்தது. திறமை மிக்க ஆசிரியரிடம் பயிலும் பேறு வாய்க்காத மாணவனுக்கும் அந்நூல் கைகொடுத்தது.

பாடநூல் என்பது சமுதாயம் பிள்ளைகளுக்கு அளிக்கும் எழுத்துவடிவிலான உறுதிமொழி எனலாம். ஒரு தாய் அதைத் திறந்து, தன் மகள் கற்பது இன்னதென்று அறிந்துகொள்ளலாம். குறை கண்டால் பக்கத்தைச் சுட்டிக் கேள்வி கேட்கலாம். எனவே அதனை ஒதுக்கி வைப்பவர், அது சுமந்த சுமைகளை யார் தோளில் ஏற்றுகிறோம் என்று சொல்லக் கடமைப்பட்டவர் ஆகின்றார்.

யாருக்காக எழுதுவது?

அத்தகைய நூல் இருக்கையில், அதனின்று விலகிச் செல்வது எதற்காக? நூல் எல்லாம் தந்தும், தர இயலாத ஒன்று உண்டு. எழுதும் மாணவருக்கு உண்மையான வாசகரை அதனால் தர இயலாது.

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூரில் வசிக்கும் 5 வயதும் அதற்கு மேலும் உடையோரில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி ஆங்கிலம். தமிழைப் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். இந்நிலையில் வளரும் பிள்ளை தமிழில் எழுதுவது பெரும்பாலும் வகுப்பறைக்குள்தான். ஊருக்கு வருமாறு மாமாவை அழைத்துக் கடிதம் எழுதச் சொல்கிறோம். அந்த மாமா இவ்வுலகில் இல்லை. கடிதம் அஞ்சற்பெட்டிக்குள் விழப்போவதும் இல்லை. ஆசிரியர் ஒருவரே அதைப் படிப்பார். அதுவும் அழைப்பை ஏற்பதற்காக அன்று, மதிப்பெண் இடுவதற்காக. பிள்ளைகள் இதை நன்கறிவர். கேட்பவர் இல்லாத பேச்சு எவ்வளவு நாள் நிலைக்கும்?

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் தமிழ் மாணவரின் எண்ணிக்கை சிறிது. தமிழாசிரியரின் எண்ணிக்கை அதனினும் சிறிது. தமிழ் கற்பிக்கப்படாத பள்ளிகளின் மாணவர் வேறிடம் சென்று பயில்கின்றனர். லிட்டில் இந்தியாவிற்கு அண்மையில் பீட்டி சாலையில் அமைந்துள்ள உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் அத்தகைய இடங்களுள் ஒன்று. 1946இல் தோன்றி, பின்னர் இந்நாட்டின் ஒரே தமிழ் உயர்நிலைப் பள்ளியாக விளங்கி, 1982இல் மூடப்பட்ட உமறுப்புலவர் பள்ளியின் பெயரை அது தாங்கி நிற்கிறது. பல பள்ளிப் பிள்ளைகள் ஓரிடத்தில் கூடித் தமிழ் பயில்வது இந்நாட்டிற்குப் புதிதன்று என்பதை அப்பெயரே நினைவூட்டும்.

2020 ஏப்ரல் 8ஆம் நாள், கொரோனா தொற்றின் காரணமாகப் பள்ளிகள் முழுமையாக வீட்டிலிருந்து கற்கும் முறைக்கு மாறின. ஒரே பள்ளி மாணவரைத் திரையில் கூட்டலாம் என்றால், மூன்று பள்ளி மாணவரைக் கூட்டுவதற்குத் தடை யாது? ஒருவன் எழுதியதை இன்னொரு பள்ளியில் முகமறியாத ஒருத்தி படித்து, 'எனக்கு இவ்விடம் விளங்கவில்லை' என்று திருப்பி எழுதுவாளாயின், அன்றுதான் அவன் எழுத்துக்கு வாசகர் பிறக்கின்றார்.

முன்னோர் சென்ற வழி

இணையம் புதியது, இம்முயற்சியின் உள்ளீடு பழையது. 1950களின் தொடக்கத்தில் கோலாலம்பூர்த் 'தமிழ் நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினர். மலாயாவின் தோட்டங்களிலும் நகரங்களிலும் சிதறிக் கிடந்த இளைஞர்கள் அவ்வகுப்பின் மாணவர் ஆயினர். வகுப்பறையில்லை, பாடநூலில்லை, செய்தித்தாளின் பக்கமே கரும்பலகை. அதே காலகட்டத்தில், கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய 'தமிழ் முரசு', மாணவர் மணிமன்றத்தின் வழியாகப் பிள்ளைகளின் எழுத்துக்கு இடமளித்தது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பின்னாளில் எழுத்தாளராக மலர்ந்தோர் பலர், தம் பெயரை அச்சில் முதன்முதலாகக் கண்டது அப்பக்கங்களில்தான். அவர்களை எழுதத் தூண்டியது மதிப்பெண் அன்று. எங்கோ ஒருவர் படிக்கிறார் என்னும் நம்பிக்கையே.

மேலை நாட்டிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. செலஸ்தேன் ஃபிரெனே என்பவர் தென் பிரான்சின் சிற்றூர் ஒன்றில் தொடக்கப்பள்ளி ஆசிரியர். 1920களின் நடுவில் சிறிய கையச்சுப் பொறி ஒன்றை வகுப்பறைக்குக் கொண்டுவந்தார். பிள்ளைகள் தம் ஊரைப் பற்றித் தாமே எழுதினர். தாமே எழுத்துக்கோத்து அச்சிட்டனர். அப்பக்கங்கள் அந்நாட்டின் மேற்குக் கடலோரத்தில் ரெனே தானியேல் என்னும் ஆசிரியரின் மாணவருக்குச் சென்றன. அங்கிருந்து விடைகள் வந்தன. பாடநூலை வன்மையாக எதிர்த்தவர் ஃபிரெனே. ஆயினும் நூலைத் தூக்கி எறிந்ததோடு அவர் அமையவில்லை என்பதே ஈண்டு கருதத் தக்கது. ஒத்த கருத்துடைய ஆசிரியர்களைக் கூட்டுறவாகத் திரட்டினார். 1932 முதல் அவர்கள் மாணவர்க்கான சிறு தகவல் ஏடுகளை வரிசையாக வெளியிட்டனர். அவற்றின் கைப்படிகளைப் பிற ஆசிரியரும் வகுப்புகளும் படித்துக் குறை சொன்ன பின்னரே அவை அச்சேறின. நூல் சுமந்த சுமையை ஒருவர் தோளில் ஏற்றாமல் பலர் தோளில் ஏற்றினர். ஆயினும் இறக்கி வைத்துவிடவில்லை.

கணினி வந்தபின் இவ்வழி அகன்றது. 1988இல் நியூயார்க் மாநிலப் பள்ளிகளும் மாஸ்கோப் பள்ளிகளும் தொலைத்தொடர்பு வழியாகக் கூட்டுப்பணிகளைத் தொடங்கின. பனிப்போர் முற்றும் ஓயாத காலம் அது. தமிழுலகில் ஆசிரியரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி முதலானோரின் முயற்சியால் 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறின. தமிழ் இணையத்தில் தோன்றிய மிகத் தொடக்கக் காட்சிகளுள் அது ஒன்று. அந்நாளில் ஒருவர் கணினியில் எழுதிய தமிழ் இன்னொருவர் கணினியில் வெறுங் குறிகளாகத் தெரிந்தது. ஒவ்வொருவரும் தத்தம் எழுத்துருவையே பிடித்துக்கொண்டிருந்ததால் நேர்ந்த விளைவு அது. அதைத் தீர்க்கவே 1997இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது. 'என்னுடையதே சரி' என்பதை ஒவ்வொருவரும் சற்றுத் தளர்த்தினாலன்றித் தமிழால் தமிழரிடம் பேச இயலாது என்னும் பாடத்தை அந்நாள்கள் கற்பித்தன. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டமும் அவ்வாறே. பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட, வேறு சிலர் பிழைதிருத்த, அந்நூல்கள் எல்லார்க்கும் இலவசமாயின. தட்டச்சிட்டவர் ஒருவர், திருத்தியவர் வேறொருவர் என்பதே அதன் வலிமை.

ஒரு சொல்லில் எழும் வழக்கு

இவற்றின் துணைகொண்டு, ஓர் எடுத்துக்காட்டை மனத்தில் வகுத்துப் பார்க்கலாம். உட்லண்ட்ஸ், ஜூரோங், தெம்பனிஸ் வட்டாரங்களைச் சேர்ந்த மூன்று பள்ளிகளின் தமிழாசிரியர்கள் இணையத்தில் கூடுகின்றனர். 'சிராங்கூன் சாலையின் சொற்கள்' என்று பணிக்குப் பெயரிடுகின்றனர். மாணவர் தேக்கா சந்தைக்கும் கேம்பல் லேனுக்கும் பஃபலோ சாலைக்கும் செல்வர். பூக்கடையில் மாலை கட்டுபவர் வழங்கும் சொற்கள், மசாலை அரைத்துக் கொடுப்பவர் வழங்கும் சொற்கள், வீட்டில் தாத்தா பாட்டி வழங்கும் சொற்கள் ஆகியவற்றைக் கேட்டுப் பதிவர். அவற்றை மூன்று பள்ளியினரும் ஒரே ஏட்டில் எழுதுவர்.

சிராங்கூன் சாலைப் பகுதிக்குச் 'சுண்ணாம்புக் கம்பம்' என்னும் பெயர் முன்பு வழங்கியதை ஒரு மாணவி எழுதுகிறாள். அங்கிருந்த சுண்ணாம்புக் காளவாய்களால் வந்த பெயர் அது. 'கம்பம்' என்பது சிற்றூரைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது என்று இன்னொரு பள்ளி மாணவன் சேர்க்கிறான். ஒருவர் தேடியதை மற்றவர் நிறைவு செய்கிறார். இதுவரை எல்லாம் இனிமையே.

பிறகு ஒரு மாணவன், 'பாட்டி காலையில் பசியாறினார்' என்று எழுதுகிறான். மறுநாள் வேறு பள்ளியின் ஆசிரியர் அதனை அடித்துவிட்டு, 'காலை உணவு உண்டார்' என்று திருத்துகிறார். அவர் நோக்கம் நல்லதே. தேர்வில் பொதுவழக்கே துணைசெய்யும் என்பது அவர் எண்ணம். ஆனால் மாணவனின் ஆசிரியர் மனம் வருந்துகிறார். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தலைமுறைகளாக வழங்கும் சொல் அது. 'பசி' என்பதும் 'ஆறுதல்' என்பதும் நல்ல தமிழ்ச் சொற்கள். பசித்தீ தணிவதைச் சொல்லும் அத்தொடர் எந்த வகையில் தாழ்ந்தது?

பாடநூல் இருந்திருந்தால் இவ்வழக்கே எழுந்திராது. நூலில் உள்ளது சரி, இல்லாதது நின்றுவிடும். இப்போதோ தீர்ப்பளிக்க நூல் இல்லை. ஆசிரியர் முன் மூன்று வழிகள் உள்ளன. மூத்தவர் சொல்லுக்கு மற்றவர் பணிந்து வாய்மூடலாம். அது பணிவு போலத் தோன்றினும் கடமையைக் கைவிடுதலே. 'உங்கள் பக்கம் உங்களுக்கு, எங்கள் பக்கம் எங்களுக்கு' என்று பிரிந்துகொள்ளலாம். அப்போது கூட்டுப்பணி என்பது பெயரளவில் நிற்கும். மூன்றாம் வழி கடினமானது. இரு ஆசிரியரும் தத்தம் காரணத்தை மாணவர் காணவே எழுதுதல், சான்றுகளை நோக்குதல், தவறு தம்முடையது என்று தெரிந்தால், அதனை மாணவர் முன்னிலையிலேயே ஒப்புக்கொள்ளுதல்.

இதனால் எல்லா வழக்கும் சரியாகிவிடும் என்பதன்று. அதே மாணவன் 'கடைகள் இருக்கிறது' என்று எழுதியிருந்தால், அது வட்டார வழக்கு என்று காக்கத் தக்கதன்று. எழுத்துத் தமிழில் ஒருமை பன்மை மயங்கிய பிழையே. எது வழக்கு, எது வழு என்று பிரித்தறிவதே மொழியாசிரியரின் கல்வி. தனியாக நின்று பிரிக்கும் ஒருவர், தம் ஊர்ப் பழக்கத்தையே இலக்கணம் என்று மயங்கக்கூடும். ஒத்த கல்வியுடைய இன்னொருவர் தடுத்துக் கேட்கும்போதே அம்மயக்கம் தெளியும். நூலின் இடத்தை நிரப்ப வல்லது இந்தத் தடுத்துக் கேட்டலே. தம் வகுப்பின் பக்கத்தைச் சக ஆசிரியர் திருத்துவதை இழிவென்று கருதுபவர், நூலை மூடி வைக்கும் தகுதியை இன்னும் பெறவில்லை.

எழக்கூடிய தடைகள்

'கூட்டுப்பணியில் வல்லவர் எழுதுவர். மெலிந்தவர் வேடிக்கை பார்ப்பர்' என்பது ஒரு தடை. இது வெறுங் குற்றச்சாட்டன்று, மெய்யான தீங்கு. பாடநூலாவது பின்தங்கிய மாணவன் முன் தன் பக்கங்களை விரித்து வைக்கும். கூட்டுப்பணியோ அவனை அறியாமலேயே கடந்து போய்விடலாம். இத்தாலி நாட்டுப் பார்பியானா என்னும் மலைச்சிற்றூரில் லொரென்சோ மிலானி என்னும் பாதிரியார் நடத்திய பள்ளி இதற்கு விடை காட்டியது. அரசுப் பள்ளிகளில் தோற்றுப்போன ஏழைப் பிள்ளைகள் அங்குப் பயின்றனர். அவர்கள் கூடி எழுதிய 'ஓர் ஆசிரியைக்கு மடல்' 1967இல் வெளிவந்தது. ஒவ்வொருவரும் தம் கருத்தைத் தனித்தனித் தாளில் எழுதினர். பின்னர் தாள்களை அடுக்கி, ஒத்தவற்றைச் சேர்த்து, மிகையானவற்றை நீக்கினர். முதலில் தனியே எழுதுவது எல்லார்க்கும் கடமையாயிற்று. சேர்ப்பது அதன்பின் வந்தது. அந்நூல் தனியொருவர் பெயரைத் தாங்காமல், பார்பியானாப் பள்ளியின் பெயரால் வெளிவந்தது. பெயரைப் பொதுவாக்கலாம், உழைப்பைப் பொதுவென்று சொல்லி ஒருவனுக்கு விலக்களித்தல் ஆகாது. வாய்பேசத் தயங்கும் மாணவன் எழுதிய ஒரு வரியேனும் இறுதி ஏட்டில் உண்டா என்று பார்ப்பது ஆசிரியரின் கடன்.

'தேர்வுக்கு இது உதவுமா?' என்பது இன்னொரு தடை. பெற்றோரின் இக்கவலை இகழத் தக்கதன்று. பாடநூலை அறவே கைவிட வேண்டும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. ஆண்டின் சில கிழமைகளில் நூலை மூடி வைத்து, மற்ற நாள்களில் அதனையே துணைக்கொள்ளலாம். அச்சில கிழமைகளில் என்ன கற்கப்படுகிறது, யார் பொறுப்பு என்பதைப் பெற்றோர்க்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவித்தல் வேண்டும். நூல் தந்த உறுதிமொழியை ஆசிரியர் தம் கையொப்பத்துடன் புதுப்பிப்பது போன்றது அது.

கேட்டதும் கட்டுரை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் 2022இன் இறுதி முதல் பெருகிவிட்டன. மாணவன் எழுதியது அவனுடையதுதானா என்னும் ஐயம் ஒவ்வொரு தாளிலும் எழுகிறது. மாலை கட்டும் முதியவரிடம் நேரில் சென்று கேட்டறிந்த சொல்லை எந்தக் கருவியும் அவனுக்காகக் கேட்டுவர இயலாது. அங்குச் சென்று நின்ற கால்களும் கேட்ட காதுகளும் அவனுடையவையாகவே இருத்தல் வேண்டும். இவ்வகையில் கூட்டுப்பணி நேர்மைக்கும் காவலாகிறது.

காலும் காலும் அரையும்

பவணந்தி முனிவர் நன்னூலில் கற்றலைப் பங்கிட்டுக் காட்டியுள்ள முறை தமிழாசிரியர் அனைவரும் அறிந்ததே. ஆசிரியர் சொல்வதை நன்கு கேட்டுக்கொண்டாலும் மாணவன் பெறுவது கால்பங்கு. உடன்பயில்வோரோடு பழகிப் பெறுவது இன்னொரு கால்பங்கு. பிறர்க்கு எடுத்துரைப்பதால் பெறுவது எஞ்சிய அரைப்பங்கு. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் வகுத்த கணக்கு இது. இன்றைய வகுப்பறையில் முதற் கால்பங்குக்கே நேரமெல்லாம் செலவாகிறது. உடன்பயில்வோர் நான்கைந்து பேரே உள்ள தமிழ் வகுப்பில் இரண்டாங் கால்பங்கு மெலிந்து போகிறது. பிறர்க்கு உரைக்கும் அரைப்பங்கோ கேட்பார் இன்றிக் கிடக்கிறது. பல பள்ளிகள் இணைந்து செய்யும் பணி, இழந்த முக்கால் பங்கை மீட்கும் வாய்ப்பை அளிக்கிறது.

இக்கணக்கு மாணவர்க்கு மட்டும் உரியதன்று. ஆசிரியரும் ஒரு காலத்தில் மாணவரே. பயிற்சிக் கல்லூரியில் கேட்டறிந்தது அவர்க்குக் கால்பங்கு. தம்மையொத்த ஆசிரியரோடு பழகிப் பெற வேண்டிய பங்கைப் பலர் பெறாமலேயே ஓய்வு பெறுகின்றனர். ஒரு பள்ளியில் ஒருவராகவோ இருவராகவோ பணியாற்றும் தமிழாசிரியர்க்கு அப்பங்கு எளிதில் கிட்டுவதில்லை. வகுப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டால் பிழையைக் காண்பாரும் இல்லை. நன்மையைக் காண்பாரும் இல்லை.

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இனி விடை கூறலாம். பாடநூலை மூடி வைக்கும் உரிமை கருவியினால் வருவதன்று, ஆர்வத்தினாலும் வருவதன்று. நூல் சுமந்த செம்மையையும் ஒழுங்கையும் சமன்மையையும் தாம் சுமக்க முன்வந்து, அச்சுமை சரியும்போது தாங்கிப் பிடிக்கச் சக ஆசிரியரை அருகில் நிறுத்திக்கொள்வோர்க்கே அது உரியது. பலர் கூடினால் பொறுப்புக் குறையும் என்று கருதுவோர் நூலைத் திறந்தே வைத்திருப்பது நல்லது. பலர் கூடினால் ஒவ்வொருவர் பொறுப்பும் மிகும் என்று உணர்ந்தோர் அதனை மூடலாம். அவர்கள் மாணவர், 'எங்கள் ஆசிரியர் இன்று தம் தவறைத் திருத்திக்கொண்டார்' என்று வீட்டில் சென்று சொல்வார்களாயின், எந்தப் பாடநூலிலும் அச்சிட இயலாத பாடம் ஒன்றை அவர்கள் கற்றுவிட்டார்கள் என்று கொள்ளலாம்.